சிர்தாப் அறையின் ஈரம்

சதக்கத்துல்லா எந்த அறைக்குள் நுழைந்தாலும் வாசலிலேயே ஒரு நொடி நிற்பார். மூக்கால் மெதுவாக ஒரு மூச்சை இழுப்பார். "எழுபது இருக்கும்" என்பார். அவர் சொன்னது குளிரை அல்ல, காற்றில் இருக்கும் ஈரத்தை. சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவு கருவி ஒன்றை எடுத்துக் காட்டுவார். அது அறுபத்தெட்டு என்றோ எழுபத்தொன்று என்றோ சொல்லும். வீட்டுக்காரர்களுக்கு அதில் அக்கறை இருக்காது. "குளிருமா, குளிராதா, அதைச் சொல்லுங்க பாய்" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கருவியைப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

கீழக்கரைக்காரர். குவைத்தில் அப்பாசியாவில் பதினெட்டு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தார். போன வருடம் ஊரில், ஐம்பத்திரண்டாவது வயதில், மார்வலியில் காலமானார். அப்பாசியாவில் அவரைத் தெரிந்தவர்கள் இன்றும் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். வேலை முடிந்ததும் தரையைத் தானே துடைத்துவிட்டுப் போவார் என்பார்கள். ஒரு குளிர்காலத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. அது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வாயைத் திறப்பதில்லை.

அவருடைய விசா ஒரு மெயின்டனன்ஸ் கம்பெனியில். அதன் கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, அபு நாசர் என்ற முதிய குவைத்தி. விசா யார் பேரில் இருக்கிறதோ அவரிடம் மட்டுமே வேலை செய்யலாம் என்பது சட்டம். வெள்ளிக்கிழமைகளில் வெளியே பிரைவேட் வேலை பார்ப்பது எல்லாரும் செய்வது. பிடிபட்டால் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரிந்தது. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பார்க்காமல் இருப்பதுதான் அங்கே பிழைக்கும் வழி.

பிரைவேட் வேலைக்காக சதக்கத்துல்லா ஒரு ஸ்டிக்கர் அடித்து வைத்திருந்தார். உள்ளங்கை அளவு, மஞ்சள் நிறம். அதில் பெயர், மொபைல் நம்பர், கீழே ஒரு வெற்றுக் கோடு. எந்த மிஷினைத் தொட்டாலும் வேலை முடிந்ததும் ஒன்றை ஒட்டுவார். வெற்றுக் கோட்டில் மார்க்கரால் தேதியும் கேஸ் பிரஷரும் எழுதுவார். ஏசி நின்றுபோனால் மனிதர்கள் வேறெங்கும் தேடமாட்டார்கள், அந்த ஏசியைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. கணக்கு சரியாகவே இருந்தது. அப்பாசியாவில் பாதிக் கட்டடங்களில் அந்த மஞ்சள் தெரியும்.

அந்த டிசம்பரில் சாகிர் போன் செய்தான். ஏர்வாடிப் பையன், முப்பது வயதிருக்கும். டிரைவராக வந்து, பிறகு என்ன வேலை என்று யாருக்கும் சரியாகத் தெரியாமல் நல்ல சட்டை போட்டுத் திரிந்தவன். ஊர்க்காரர்களைக் கண்டால் தோளில் கைபோட்டு, அண்ணன் முறையில் 'காக்கா' என்று அழைத்துப் பேசுவான். ஒரு வீட்டில் சிர்தாப் அறைக்கு ஏசி போட வேண்டும் என்றான். தரைக்குக் கீழே இருக்கும் அறையை அங்கே சிர்தாப் என்பார்கள். முதலாளிக்கு ஊத் எனும் வாசனை அகில் கட்டை வியாபாரம், சரக்கு வைக்கும் அறை அது என்று சொன்னான்.

குளிர்காலத்தில் ஏசி மெக்கானிக்குக்கு வேலை குறைவு. குவைத்தில் அப்போது வீட்டுக்கு வீடு ஹீட்டர் ஓடும். அந்த நேரத்தில் குளிரூட்டச் சொல்லி ஒருவன் கூப்பிடுகிறானே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் சாகிர் ஒரு தாளை வாட்ஸப்பில் அனுப்பினான். அதில் வெப்பம் இருபத்தாறு, ஈரம் அறுபது என்றிருந்தது. இரண்டு மாதம் கழித்து வெப்பம் இருபத்திரண்டு, ஈரம் நாற்பத்தைந்து. அந்த எண்களைப் பார்த்ததும் சதக்கத்துல்லாவுக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. பதினெட்டு வருடத்தில் ஈரம் இத்தனை இருக்க வேண்டும் என்று எழுதிக் கேட்ட முதல் வாடிக்கையாளர் அந்த முதலாளி. அன்று மனைவி பத்ருன்னிசாவிடம் சொன்னார். "விஷயம் தெரிஞ்ச ஆள் பத்ரு. ஹியுமிடிட்டி எழுதிக் கொடுத்திருக்கார்." நல்ல மருமகன் கிடைத்ததுபோலச் சொன்னார் என்று பின்னாளில் அவள் சொல்வாள்.

அப்பாசியாவிலிருந்து நாற்பது நிமிடத் தூரத்தில் இருந்தது அந்த வீடு. மிஷின்களையெல்லாம் அறைக்கு வெளியே, ஒரு நடையில் வைக்கச் சொன்னார்கள். குழாய் வழியாக மட்டும் காற்று உள்ளே போகும், திரும்பி வரும். மூன்று டன் ஏசி ஒன்று, ஈரம் இழுக்கும் மிஷின் இரண்டு. வெளியேறும் காற்றுக்குக் கரித்தூள் நிரப்பிய பெரிய உருளை ஒன்று. அறை காலியாக இருந்தது, வெள்ளைப் பூச்சு. மூன்று வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்தது. மூன்று மிஷினிலும் ஸ்டிக்கர் ஒட்டினார், தேதி எழுதினார், தரையைத் துடைத்தார்.

ஜனவரி கடைசியில் சாகிர் மறுபடி கூப்பிட்டான். ஈரம் எழுபத்தைந்துக்கு ஏறிவிட்டது, கீழே இறங்க மறுக்கிறது என்றான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் போனார். இந்த முறை அறையின் கதவு பூட்டியிருந்தது. "உள்ளே சரக்கு இருக்கு காக்கா, முதலாளி யாரையும் விடமாட்டார்" என்றான் சாகிர். நடையில் நின்றே வேலை பார்த்தார்.

கோளாறு புரிந்துவிட்டது. ஏசி அறைக்குத் தேவையானதைவிடப் பெரியது. சட்டென்று குளிரவைத்துவிட்டு நின்றுவிடும். நின்றால் ஈரத்தை இழுக்காது. அவரே தேர்ந்தெடுத்த ஏசி, அதனால் வெட்கமாக இருந்தது. ஃபேன் வேகத்தைக் குறைத்தார். வடிகுழாயில் அடைப்பு இருந்தது, ஊதிச் சரிசெய்தார். தண்ணீர் ஒழுங்காக வடிகிறதா என்று பார்க்க ஒரு இருபது லிட்டர் வாளியை வைத்துவிட்டு, மற்ற வேலையைப் பார்த்தார். மூன்று மணி நேரத்தில் வாளி நிரம்பியது.

நிரம்பிய வாளியைத் தூக்கியவர் அதைக் கீழே வைத்துவிட்டார்.

குவைத்தின் குளிர்காலக் காற்று உதட்டை வெடிக்கவைக்கும் அளவுக்கு வறண்டது. பூட்டிய அறை. உள்ளே ஆள் இல்லை. கட்டைதான் இருக்கிறது என்கிறார்கள். மூன்று மணி நேரத்துக்கு இருபது லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு நூற்றைம்பது லிட்டருக்குக் குறையாது. அந்த அறைக்குள் யார் இவ்வளவு வியர்க்கிறார்கள்?

சாகிர் பக்கத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தான்.  வாளியைக் கொட்டினார், கருவிகளை அடுக்கினார். தரையைத் துடைக்காமல் கிளம்பிவிட்டார். அதை சாகிர் கவனித்ததாகத் தெரியவில்லை. அவருக்குத்தான் வழியெல்லாம் அது உறுத்தியது.

வீட்டில் மகள் மின்ஹா சாப்பாட்டு மேசையில் புத்தகங்களைப் பரப்பியிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. பிப்ரவரியில் போர்டு பரீட்சை தொடங்கி ஏப்ரல் முதல் வாரம் வரை போகும். அவள் மூன்று வயதில் இங்கே வந்தவள். பரீட்சை எழுதும் பள்ளி இங்கே, அவளுடைய விசா வாப்பாவின் விசாவில் தொங்குவது. அந்த வீட்டில் அந்த வருடம் முழுவதும் மற்ற எல்லாப் பேச்சும் "பரீட்சை முடியட்டும்" என்றே முடிந்துகொண்டிருந்தது.

அவர் கை கழுவிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். சும்மா கேட்பதுபோல, ஒரு பூட்டிய அறையில் ஒரு நாளைக்கு நூற்றைம்பது லிட்டர் தண்ணீர் காற்றில் வந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டார்.

மின்ஹா தலை நிமிரவில்லை. "பீப்பிள் இருக்காங்களா?"

"இல்லை."

"ஃபிஷ் டேங்க்? ஸ்விம்மிங் பூல்?"

"ஒண்ணுமில்லம்மா."

"அப்போ பிளான்ட்ஸ் வாப்பா. டிரான்ஸ்பிரேஷன். ரூட்ல குடிக்கிற வாட்டரை கிட்டத்தட்ட ஃபுல்லா லீஃப் வழியா வெளிய விட்ரும். டூ மார்க் கொஸ்டின்." அப்புறம்தான் நிமிர்ந்தாள். "நூத்தம்பது லிட்டரா? அது ரூம் இல்ல, காடு."

அவர் சிரித்ததாகக் காட்டிக்கொண்டு எழுந்து போனார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார். அப்போதுதான் காற்றிலிருந்து வாசனையை உறிஞ்சும் அந்தக் கரித்தூள் உருளை நினைவுக்கு வந்தது. ஊத் வியாபாரி தன் அறையின் வாசனை வெளியே போகக்கூடாது என்று நினைப்பானா? அந்த வாசனைக்காகத்தானே உலகம் அவனைத் தேடி வருகிறது. வெளியே தெரியக்கூடாத வாசனை வேறு. வெயில் படாத இடத்தில், பூட்டிய கதவுக்குப் பின்னால், முதல் இரண்டு மாதம் ஒரு ஈரத்திலும் பூக்கும் பருவத்தில் வேறு ஈரத்திலும் வளர்க்கிற செடி எது என்று அவருக்குப் பெயர் தெரியும். அதை வளர்த்தவனுக்கு அந்த நாட்டில் என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

குளியலறைக்கு வெளியே பத்ருன்னிசா அவருடைய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மாமன் மகள், கல்யாணமாகி இருபத்துமூன்று வருடம் ஆகியும் மச்சான் என்றே கூப்பிடுவாள். சட்டையை மூக்கருகே கொண்டுபோய்விட்டு இறக்கினாள்.

"என்ன வாடை இது மச்சான்? நீங்க எதையாச்சும் புகைச்சீங்களா?"

அவர் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். வாளியைச் சொன்னார், உருளையைச் சொன்னார், மின்ஹா சொன்னதைச் சொன்னார். பத்ருன்னிசா அழவில்லை, கூச்சலிடவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஸ்டிக்கர் ஒட்டினீங்களா?"

"மூணு."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் முழுவதும் சதக்கத்துல்லாவுக்கு வேலை ஓடவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் மேல்தளத்தில் பழைய யூனிட்டைக் கழற்றும்போது அதில் தன் ஸ்டிக்கர் இருப்பதைப் பார்த்தார். வழக்கமாகச் சிறு பெருமை வரும், அன்று அதை உரித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஜலீப் சாலையில் போலீஸ் வண்டி நின்று சிவில் ஐடி பார்த்துக்கொண்டிருந்தால் ஸ்டியரிங்கில் கை ஈரமாகிவிடும். ஐடியைக் கொடுக்கும்போது, அவர்கள் தன் பெயரை ஏற்கெனவே எங்கோ படித்திருப்பார்களோ என்று போலீஸ்காரரின் கண்ணையே பார்ப்பார். அந்த ஆள் சலிப்போடு ஐடியைத் திருப்பிக் கொடுப்பார். போ என்பார். போவார்.

யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று முதலில் நினைத்தார். தெரியாமல் செய்த வேலை, முடிந்துவிட்டது. ஆனால் மிஷின் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. என்றாவது ஒருநாள் அந்தக் கதவை உடைப்பார்கள். உடைத்தவர்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள்? செடிக்குச் சொந்தக்காரனின் பெயர் எங்கும் எழுதியிருக்காது. அந்த வீட்டில் எழுத்தில் இருக்கும் ஒரே பெயர் அவருடையது, நம்பரோடு, தேதியோடு.

வெள்ளிக்கிழமை காலையிலேயே சாகிர் கூப்பிட்டான். ஈரம் மறுபடி ஏறிவிட்டதாம், சரக்கில் பூசணம் பிடிக்கிறதாம். சதக்கத்துல்லா உடனே சரி என்றார். அவருக்கு அந்த அழைப்பு நிம்மதியாகவே இருந்தது. போனால் ஸ்டிக்கரைக் கிழித்துவிடலாம். பத்ருன்னிசா ஒரு சிறிய பாட்டிலில் நெயில் பாலிஷ் ரிமூவரும் கொஞ்சம் பஞ்சும் வைத்துக் கொடுத்தாள். மார்க்கர் எழுத்தின் கறைகூட இருக்கக்கூடாது என்றாள்.

நடையில் பச்சை வாடை போன வாரத்தைவிடத் தூக்கலாக அடித்தது. கதவின் கீழ் இடுக்கில் இளஞ்சிவப்பு வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பாமல் மிஷின்களின் மூடியைக் கழற்றினார். சாகிர் டீ எடுத்துவர மேலே போன நேரத்தில் மூன்று ஸ்டிக்கரையும் உரித்தார். பிசினைத் துடைத்தார், மார்க்கரைத் துடைத்தார். பஞ்சைப் பையில் போட்டுக்கொண்டார். மூச்சு சீரானது.

ஈரம் இழுக்கும் மிஷின் ஒன்றில் ஃபேன் மோட்டார் சிக்கியிருந்தது. பத்து நிமிட வேலை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தவருக்கு அதை வைக்கும் இடம் தெரியவில்லை. டிசம்பரில் செய்தது தெரியாமல் செய்தது, அதை எந்த நீதிபதியிடமும், மறுமையில் அல்லாஹ்விடமும் சொல்லலாம். இந்த ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினால் அது தெரிந்து செய்தது. திருப்பாவிட்டால் சாகிர் ஏன் என்று கேட்பான்.

டீயோடு சாகிர் வந்தபோது சதக்கத்துல்லா, குவைத்தில் எல்லா ஏசிக்காரர்களும் சொல்லுகிற, அவர் மட்டும் பதினெட்டு வருடத்தில் ஒருமுறையும் சொல்லாத பொய்யைச் சொன்னார்.

"போர்டு போயிருச்சு தம்பி. பார்ட் வரணும். நாலஞ்சு நாள் ஆகும்."

சாகிர் முகம் சுருங்கியது. நாலைந்து நாளில் பூசணம் எல்லாவற்றையும் தின்றுவிடும் என்றான். அப்புறம் மிஷினின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஸ்டிக்கரை எங்க காக்கா காணோம்? உரிச்சிட்டீங்களா?"

"பழசாயிருச்சு. புதுசு ஒட்டலாம்னு."

"ஒட்டாட்டியும் பரவாயில்ல. நம்பர் தொலைஞ்சுறக் கூடாதுன்னு அன்னைக்கே போட்டோ புடிச்சு முதலாளிக்கு அனுப்பிட்டேன். நீங்க மிஷின் பக்கத்துல நின்னு சிரிக்கிற படமும் இருக்கு. நம்ம ஊர் இன்ஜினியர்னு சொல்லி வச்சிருக்கேன்."

அதில் மிரட்டல் இருந்ததா, வெறும் ஊர்ப்பாசம்தானா என்று சதக்கத்துல்லாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகும் அதைத் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருந்தார். சாகிரின் முகத்தில் கள்ளம் தெரியவில்லையே என்று நினைப்பார். அடுத்த நிமிடம், அதைத் தெரியாமல் மறைப்பதுதானே அவன் தொழில் என்று தோன்றும்.

சனிக்கிழமை சாகிர் போன் செய்தான், பார்ட் வந்ததா என்று. ஞாயிறு செய்தான். திங்கள் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை. மின்ஹாவுக்கு அன்று வேதியியல் செய்முறைத் தேர்வு. காரில் பள்ளிக்கு அழைத்துப் போகும்போது போன் அடித்துக்கொண்டே இருந்தது. "எடுங்க வாப்பா, யாரோ பாவம் ஏசி இல்லாம இருக்காங்க" என்றாள் அவள். ஜனவரிக் குளிரே இன்னும் போகவில்லை என்பது அவளுக்கு உறைத்ததா தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை சாகிரின் குரல் மாறியிருந்தது. பார்ட்டின் நம்பரைச் சொன்னால் முதலாளியே ஆள் வைத்து வாங்கிவிடுவார் என்றான். சதக்கத்துல்லா வாயில் வந்த எண் ஒன்றைச் சொன்னார். அப்படி ஒரு பார்ட்டே உலகத்தில் இல்லை. அது தெரியவர ஒரு நாள் ஆகலாம். பிறகு சாகிர் சொன்னான்.

"வெள்ளிக்கிழமை நானே வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறேன் காக்கா. எந்த பில்டிங்னு தெரியும். புள்ளைக்குப் பரீட்சைன்னு சொன்னீங்களே, ஒரு சாக்லேட் டப்பா வாங்கிட்டு வர்றேன்."

அவர் அந்தப் போனை வைத்துவிட்டு, கம்பெனியின் ஸ்டோர் அறையில் ஒரு கம்ப்ரஸர் பெட்டிமேல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அன்று பத்ருன்னிசாவிடம் கேட்டார். கஃபீலிடம் சொன்னால் பிரைவேட் வேலையும் சேர்த்துத்தான் வெளியே வரும். விசா போய்விடும். சொல்லாவிட்டால் என்றைக்கோ ஒருநாள் அந்தப் படம் வெளியே வரும். எது நல்லது?

அவள் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிறகு, "விசா போனா நாம மூணு பேரும் போவோம். படம் வந்தா நீங்க மட்டும் உள்ளே போவீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

புதன்கிழமை காலை அவர் அபு நாசரின் அலுவலகத்துக்குப் போனார். கிழவர் காவா என்ற அரபிக் காப்பியை ஊற்றி நீட்டினார். சதக்கத்துல்லா வாங்காமல் நின்றார். அவருக்கு வேலைக்கு வேண்டிய அரபி தெரியும், இப்படிப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டிய அரபி தெரியாது. தண்ணீர், வாளி, அறை, செடி என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். சொல்லி முடித்ததும் பையிலிருந்து மீதியிருந்த ஸ்டிக்கர் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். நானூறு இருக்கும்.

அபு நாசர் ஒரு ஸ்டிக்கரை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். கஞ்சாவைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "இது எத்தனை வருஷமாக?" என்றுதான் கேட்டார். பதினோரு வருடம் என்றார் சதக்கத்துல்லா. கிழவர் அதைத் திருப்பி மேசையில் ஒட்டினார். மறுபடி உரித்தார். "உனக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தது தொழுவதற்கும் தூங்குவதற்கும்" என்றார். குரலில் கோபத்தைவிட வேறொன்று இருந்தது. ஏமாந்தவரின் குரல் அது.

அவரே காரில் ஏற்றிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனார். அவர் மட்டும் திரும்பி வந்தார். சதக்கத்துல்லா இரண்டு நாள் உள்ளே இருந்தார்.

அந்த இரண்டு நாளும் பத்ருன்னிசா மின்ஹாவிடம், வாப்பா ஒரு பாலைவன சைட்டுக்கு அவசர வேலையாகப் போயிருக்கிறார், அங்கே சிக்னல் இல்லை என்று சொன்னாள். வெள்ளிக்கிழமை வாசல் மணி அடித்தபோது அவள் நெடுநேரம் கதவைத் திறக்கவில்லை. சாகிர் சாக்லேட் டப்பாவோடு நிற்பான் என்றே நினைத்தாள். நின்றது சதக்கத்துல்லா. இரண்டு நாள் சட்டை, தாடையில் வெள்ளை முடி. உள்ளே வந்து நேராகப் படுக்கையறைக்குப் போய்க் கட்டிலில் சாய்ந்தார்.

அவர் சொன்னது கொஞ்சம்தான். ஒரே கேள்வியை ஐந்து பேர் ஐந்து முறை கேட்டார்களாம். வியாழன் காலையிலேயே அந்த வீட்டில் நுழைந்துவிட்டார்களாம். முதலாளி யாரென்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சாகிரை ஒரு கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். நல்ல சட்டைதான் போட்டிருந்தான். தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குமேல் அவனைப் பற்றி அவர் வீட்டில் ஒருநாளும் பேசவில்லை. ஊருக்கு வந்த பிறகு ஏர்வாடிப் பக்கம் போக வேண்டிய எந்தக் காரியத்தையும் ஏதாவது சொல்லித் தட்டிவிடுவார். அங்கே அவனுடைய உம்மா இருக்கிறாள் என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

செடி வழக்கில் அவரைச் சாட்சியாக எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். பிரைவேட் வேலைதான் மிச்சம் இருந்தது. அது தானே எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் அவர் கையெழுத்தோடு இருந்தது. அடுத்த வாரம் அபு நாசர் கூப்பிட்டார். இதற்குமேல் விசாவை வைத்திருக்க முடியாது, எக்ஸிட்தான், கலாஸ், முடிந்தது என்றார். மகளின் பரீட்சை என்று முடிகிறது என்று அவரே கேட்டார். சதக்கத்துல்லா தேதியைச் சொன்னார். கிழவர் மேசைக் காலண்டரைப் புரட்டினார். பரீட்சை முடிந்து இரண்டாம் நாளில் ஒரு வட்டம் போட்டார்.

அதை வீட்டில் சொன்னபோது பத்ருன்னிசா அலமாரியை அண்ணாந்து பார்த்தாள். பதினைந்து வருடத்துச் சாமான். மின்ஹாவிடம் பரீட்சை முடியும்வரை மூச்சுவிடக்கூடாது என்று இருவரும் முடிவு செய்தார்கள். அதிலிருந்து அந்த வீட்டில் ஒரு புதிய பயம் தொடங்கியது. அவளுக்குத் தெரிந்துவிட்டால் பேனா ஓடாது. அவள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் பத்ருன்னிசா பாத்திரங்களைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் அடுக்குவாள். கண்ணில் படுகிற இடங்களில் கைவைக்கமாட்டாள். சுவர்க் கடிகாரம், திரைச்சீலை, ஃபிரிட்ஜின் மேலிருந்த பூ ஜாடி எல்லாம் அப்படியே இருந்தன. வீட்டின் முன்பக்கம் குடியிருந்தது, பின்பக்கம் காலியாகிக்கொண்டிருந்தது. நாகவள்ளி என்ற பக்கத்து ஃபிளாட் அம்மாள் பழைய தையல் மிஷினை வாங்கிக்கொள்ள வந்தபோதுகூட, மின்ஹா டியூஷனுக்குப் போன பிறகு வரச் சொன்னார்கள்.

கடைசி இரண்டு பரீட்சைகள் நோன்பில் வந்தன. விடியுமுன் ஸஹருக்கு எழுந்து சாப்பிடும்போது மின்ஹா புத்தகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள். வாப்பாவும் உம்மாவும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள், அவள் நிமிர்ந்தால் தட்டைப் பார்ப்பார்கள். ஒருநாள் அவள் ஸஹரில் சாப்பிடாமல் எழுந்துபோனாள். தெரிந்துவிட்டதோ என்று அவர்கள் கஞ்சி ஆறும்வரை உட்கார்ந்திருந்தார்கள். பிசிக்ஸ் ஃபார்முலா ஒன்று மறந்துவிட்டதாம்.

கடைசிப் பரீட்சை அன்று சதக்கத்துல்லா பள்ளி வாசலில் காரில் காத்திருந்தார். பத்ருன்னிசாவும் வந்திருந்தாள். மின்ஹா வந்து பின்சீட்டில் ஏறியதும், நன்றாக எழுதினாயா என்று கேட்டார்கள். எழுதியிருக்கிறேன் என்றாள். அவர் காரைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, நாளை மறுநாள் ஊருக்குப் போகிறோம், திரும்பி வரமாட்டோம் என்று சொன்னார். 

"தெரியும் வாப்பா" என்றாள் மின்ஹா.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எப்பவும் இருபது கிலோ அரிசி வாங்குவீங்க. நோன்பு மாசத்துல நாப்பது. ஃபெப்ரவரியில இருந்து அஞ்சு கிலோ பை வாங்குறீங்க. அதையும் உம்மா ரொம்ப எண்ணி எண்ணிப் போடுறாங்க." அவள் பரீட்சை அட்டையை மடியில் வைத்து அதன் கிளிப்பைத் திறந்து மூடினாள். "ஏன்னு தெரியல. கேட்டா நீங்க சொல்லிருவீங்க, அப்புறம் என்னால எழுத முடியாது. அதான் கேக்கல. இப்ப சொல்லுங்க."

சதக்கத்துல்லா காரின் ஏசியை அணைத்துவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, சொல்லத் தொடங்கினார்.